வேண்டாம் என்ற பட்டன்

யாரும் எதையும் தொடவில்லை. பெட்டி தானாகத் திறந்தது. திரையின் நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம், அதற்குள் ஒரு வரி எழுத்து, கீழே பச்சைப் பட்டன். வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கிண்ணத்தை எல்முரோத் அப்படியே நிறுத்தி எட்டிப் பார்ப்பதற்குள் பட்டன் அமுங்கிப் பெட்டி மறைந்துவிட்டது. பட்டன் தானாக அமுங்கியதில் அதிசயம் ஒன்றுமில்லை, அந்த ஏற்பாட்டைச் செய்தவனே அவன்தான். பெட்டி தானாகத் திறந்ததுதான் சரியில்லை. பக்கத்துக்குள் வந்தவன் எங்காவது தொட்டால்தான் அது திறக்க வேண்டும். மவுஸ் மேசை ஓரத்தில், ரொட்டி சுற்றிய துணிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

"சர்வர்க்காரன் லட்சணம்" என்று முணுமுணுத்துவிட்டுத் தேநீரைக் குடித்தான். எது கெட்டுப்போனாலும் அதற்கு இன்னொருவனின் மடத்தனம்தான் காரணம் என்பது எல்முரோதின் உறுதியான நம்பிக்கை. பதினோரு வருடமாக இணையப் பக்கம் கட்டிப் பிழைக்கிறவன். கட்டிக் கொடுத்த பக்கங்களில் வந்து மேய்கிற ஜனங்களைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கண் இருந்தும் படிக்காத ஜென்மங்கள். பச்சையாக எது தெரிந்தாலும் போய் அமுக்குகிற ஆட்டு மந்தை.

இந்தப் பக்கம் அப்துமாலிக்கினுடையது. தாஷ்கண்ட் சந்தையில் தொட்டிலும் தொட்டில் துணிகளும் விற்கிற ஆள். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். நாளுக்குப் பத்துத் தடவை போன் செய்வான்.

"தம்பி, தள்ளுபடிப் பெட்டி டக்குனு மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கணும். கடைக்குள்ள காலை வச்சவன் தப்பிக்கவே கூடாது."

"மேல மூலைல மூடறதுக்கு ஒரு பெருக்கல் குறி வைக்கணும்ணே. இல்லேன்னா ஜனங்களுக்கு எரிச்சல் வரும்."

"வந்தா வரட்டுமே! என் கடைப் பசங்க கையைப் பிடிச்சு உள்ள இழுக்கறானுங்க, எவனாவது கோவிச்சுக்கிட்டானா? குறியும் வேணாம் கிறியும் வேணாம். 'வேண்டாம்'னு ஒரு பட்டன் வேற வச்சிருக்க பாரு, அதையும் தூக்கு. வச்சா அதைத்தான் அமுக்குவானுங்க."

தூக்கிவிட்டான். தூக்கின கடுப்பில் ஒரு குறும்பும் செய்தான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற குறும்புதான். உண்மையான வாசகம் வந்து சேரும்வரை சோதனைக்காக எதையாவது கிறுக்கி வைப்பார்கள், பிறகு அழிக்க மறந்து ஊர் சிரிக்கும். எல்முரோத் பெட்டிக்குள் இப்படி எழுதினான்: 'உள்ளே வந்து உங்கள் குழந்தையை எடுத்துக்கொள்ளலாமா?' கீழே இரண்டே பட்டன்கள். 'சரி.' 'சரி, கொஞ்சம் கழித்து.' எழுதி, அப்துமாலிக்குக்கு அனுப்பி வைத்தான்.

"பிரமாதம் தம்பி! அந்த 'சரி'யை மட்டும் பச்சையாக்கிடு."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களாண்ணே?"

"படிக்கறதுக்கு என்ன இருக்கு? வருது, அமுக்கறேன், போகுது. வேலை செய்யுதுல்ல?"

எல்முரோத் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவி முஹய்யோவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

"பச்சக் குழந்தையை வீட்ல வச்சுக்கிட்டு எழுதற பேச்சா இது? அழிச்சுடுங்க."

"இது சும்மா சோதனைக்குடி. நாளைக்குப் போயிடும்."

அழிக்கவில்லை. அழிக்காததோடு இன்னொன்றும் செய்தான். வேலை நடக்கும்போது அந்தப் பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து மறித்தது, ஒவ்வொரு முறையும் அதை அமுக்கித் தள்ள அவனுக்குப் பொறுமை இல்லை. அதனால், எந்தப் பெட்டி திறந்தாலும் அதில் என்ன எழுதியிருந்தாலும் 'சரி'யை அமுக்கிவிடு என்று தன் லேப்டாப்புக்கு நாலு வரியில் கட்டளை எழுதி வைத்தான். ஊரார் படிப்பதில்லை என்று எகத்தாளம் பேசுகிற இந்த மேதாவி, தான் படிக்காமலிருக்க ஓர் இயந்திரத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டான்.

மாலை ஐந்து மணிக்கே இருட்டு கட்டிவிட்டது. குளிர்காலத்து தாஷ்கண்ட், ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் கலந்து எதிர்க் கட்டடம் தெரியவில்லை. முஹய்யோவின் அக்கா நஃபோசத் கிளம்பிக்கொண்டிருந்தாள். குழந்தை ஹிலோலா பிறந்ததிலிருந்து பகலெல்லாம் இங்கேதான் இருக்கிறாள். சில்லா முடியவில்லை, அதாவது பிறந்த குழந்தையைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிற அந்த நாற்பது நாள். போகிறதற்கு முன் இசிரிக் செடியைச் சட்டியில் போட்டுக் கொளுத்தி, அந்தக் கசப்புப் புகையை மூலை முடுக்கெல்லாம் காட்டினாள். லேப்டாப்புக்கும் காட்டினாள்.

"அக்கா, அதுக்குத் தும்மல் வரும்."

"வரட்டும் மாப்ள. உங்க நக்கலை எல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு நான் சொல்றதைக் கேளுங்க. பாப்பா ரூம் வெளக்கை அணைக்கக் கூடாது. பாப்பாவைத் தனியா விடக் கூடாது. பொழுது சாஞ்சாச்சு, இனிமே எவன் வந்து கதவைத் தட்டினாலும் உள்ள வான்னு சொல்லிடாதீங்க. நாம கூப்பிட்டாத்தான் அதுங்களால வர முடியும்."

"எதுங்களால?"

"பேரு சொல்ல மாட்டேன். போங்க."

கதவை மூடிக்கொண்டு அவன் வாய்விட்டுச் சிரித்தான். ராக்கெட் விடுகிற காலத்தில் இந்தப் பொம்பளைக்குச் சட்டியும் புகையும். கொஞ்ச நேரத்தில் குழாயில் வெந்நீர் வந்தது. அந்தக் கட்டடத்தில் வந்தால்தான் உண்டு. முஹய்யோ துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஏங்க, தலைக்குக் குளிச்சுட்டு வந்துடறேன். பாப்பா பக்கத்துலயே இருங்க. எந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"இருக்கேன் இருக்கேன்."

இருந்தான், ஐந்து நிமிடம். தொட்டிலுக்குள் குழந்தை பட்டைத் துணிகளால் கட்டப்பட்டு, மேலே போர்த்திய கனத்த துணிக்கடியில் தூங்கியது. துணியைத் தூக்கிப் பார்த்தான். உருண்டை முகம், மூக்கு நுனியில் வியர்வை. உலகத்தில் அவன் ஏளனம் செய்யாத ஒரே ஆள். கன்னத்தை விரல் முதுகால் தொட்டுவிட்டு, துணியை இறக்கிவிட்டான். அந்த அறையில் இணையம் சரியாக எடுக்காது. தானாகத் திறந்த பெட்டி வேறு மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சமையலறை நாலு எட்டுத்தானே என்று எழுந்து போனான்.

பெட்டிகள் வந்துகொண்டிருந்தன.

ஒன்று மின்னி மறைந்தது. அடுத்தது. பக்கம் அசையாமல் நின்றது. தொட்டில் படங்கள், விலைகள், விளம்பரப் படத்தில் அப்துமாலிக்கின் இளிப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி. நடுவில் பெட்டி மட்டும் கண் சிமிட்டுவதுபோல் திறந்து திறந்து மூடியது. இதுதானே அவனுக்கு அத்துப்படியான வித்தை! பக்கம் முழுவதையும் திரும்ப வரவழைப்பது பழங்காலத்து ஆட்களின் வேலை. ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி போதும், வேண்டிய துண்டை மட்டும் சர்வரிலிருந்து சத்தமில்லாமல் வரவழைத்து, பழைய துண்டை உருவிவிட்டு அதே இடத்தில் செருகிவிடலாம். சுற்றியிருப்பது எதுவும் அசையாது. பார்த்துக்கொண்டே இருப்பவனுக்குக்கூட மாறியது தெரியாது. துண்டு வந்து சேரும்வரை அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் சுற்றும், பிறகு மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். பார்க்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பான்.

மாலை நேரம், கட்டடம் முழுவதும் இணையத்தைப் போட்டுப் பிழிந்தது. எல்லாம் மெதுவானது. அதனால் அடுத்த பெட்டி உடனே மறையவில்லை. வெள்ளைச் சதுரம் வந்தது, நடுவில் சாம்பல் வட்டம் சுற்றியது, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அவன் எழுதின வாசகம் அல்ல அது.

'படிக்கட்டு விளக்கை அணைத்துக்கொள்ளலாமா?'

சரி, என்று அமுங்கியது.

வாசற்கதவின் அடியில் மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம் எப்போதும் விழுந்திருக்கும். அது இல்லை.

பல்பை எவனோ திருடிவிட்டான், என்று நினைத்தான். இந்தக் கட்டடத்தில் மாதம் ஒரு பல்பு போகும், திருட்டுக் கும்பல். வாசகம்? எவனோ சர்வருக்குள் புகுந்து விளையாடுகிறான். பள்ளிக்கூடத்துப் பயல் எவனாவது இருப்பான், அரைகுறையாகக் கற்றுக்கொண்டு. இவ்வளவையும் அவன் மிக வேகமாக நினைத்தான், நினைத்து முடிக்கும்போது பின்கழுத்து குளிர்ந்திருந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் சீராகக் கேட்டது. சட்டியில் மிஞ்சிய கங்கு ஒன்று டப்பென்று வெடித்தது.

வட்டம் சுற்றியது. எழுத்துகள் வந்தன.

'வாசலில் நிற்கிறேன். உள்ளே வரலாமா?'

"ஏய்!" என்றான் எல்முரோத் லேப்டாப்பைப் பார்த்து, நாயை அதட்டுவதுபோல. கையை நீட்டினான்.

சரி.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது, அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் நடைவழியில் வாசனை மாறியது. இசிரிக் புகையின் கசப்பு மெல்லக் கலைந்து போகவில்லை, சமையலறையில் அப்படியே இருந்தது. நடைவழியில் மட்டும், ஓர் ஆள் பருமனுக்கு, அதை உருவி எடுத்துவிட்டாற்போல் இருந்தது. அந்த இடத்தில் வேறு காற்று. ஈர மண், பழைய கம்பளி, உறைந்துபோன தண்ணீர் வாசனை. அந்த வாசனை நகர்ந்தது. சமையலறை வாசலைத் தாண்டியது. குழந்தையின் அறைப் பக்கம் போனது.

எழுந்திருக்க நினைத்தான். கால் வரவில்லை. உள்ளுக்குள் இன்னும் அந்த எகத்தாளக்காரன் பேசிக்கொண்டிருந்தான்: உட்காரு, இது நஃபோசத் அக்கா கிளப்பிவிட்ட பயம், புகை தலைக்கேறிவிட்டது, எழுந்து ஓடினால் நீயும் அந்த மந்தையில் ஒருவன்.

'விளக்கை?'

சரி.

குழந்தையின் அறை இருண்டது.

"ஹிலோலா!"

ஓடினான். நடைவழி. சுவர். கதவு நிலையில் தோள் இடித்தது. இருட்டில் மரம் மரத்தோடு உரசும் சத்தம், கிறீச், கிறீச். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சுவரைத் தடவிச் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. போனை எடுத்து அதன் விளக்கைப் போட்டான். யாரும் இல்லை. கையை நீட்டித் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினான். துணிக்குள் விரலை விட்டுத் துழாவினான். பட்டைகள் இறுக்கமாக இருந்தன. உள்ளே வெதுவெதுப்பாக ஓர் உடம்பு, மூச்சு விட்டது. அப்பாடா! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இருக்கிறாள், பெண் இருக்கிறாள். தன் மேலேயே அவனுக்குக் காறித் துப்பலாம்போல் வந்தது. மூடநம்பிக்கைக்காரி ஒருத்தி காட்டின புகைக்கு இந்த ஆட்டமா?

அப்போது குழந்தை அழுதது.

தொட்டிலில் அல்ல.

வெளியே, படிக்கட்டில். ஹிலோலாதான். அழும்போது மூன்றாவது மூச்சில் ஒரு விக்கல் விழும், அது அவளுக்கு மட்டுமே உண்டு. அந்தக் குரல் இருட்டில் படியிறங்கியது. அவசரமில்லாமல்.

போன் வெளிச்சத்தில் தொட்டில் துணியைத் தூக்கினான்.

குல்லா இருந்தது. முஹய்யோ பின்னினது. அதன் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். வழவழப்பாக, வெறுமையாக. அதன் நடுவில் ஏதோ மெதுவாகச் சுற்றியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து நிரம்பியது. நெற்றி. புருவம்.

அலறினானா, தெரியாது. வாசலுக்குப் பாய்ந்து தாழ்ப்பாளை இழுத்தான். வரவில்லை. தோளால் இடித்தான். இரும்புக் கதவு சுவரோடு சுவராக இருந்தது. அழுகை கீழ்த் தளத்துக்குப் போய்விட்டது. லேப்டாப். ஆமாம், லேப்டாப்! எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுவது அதுதானே, அவன் வைத்த அடிமை. சமையலறைக்கு ஓடி, போனை மேசையில் போட்டுவிட்டு, அந்த நாலு வரியைத் தேடினான். விரல் வழுக்கியது. அழித்தான்.

பெட்டி வந்தது. வட்டம் சுற்றியது. இந்த முறை அவனுடைய வாசகமே வந்தது, 'உள்ளே வந்து' மட்டும் இல்லாமல். அவனே சிரித்துக்கொண்டு எழுதிய வாசகம்.

'உங்கள் குழந்தையை எடுத்துக்கொள்ளலாமா?'

அமுங்கவில்லை. காத்திருந்தது. படிக்கட்டில் அழுகை பாதி மூச்சில் நின்றது. விக்கல் விழ வேண்டிய இடத்தில்.

'சரி.' 'சரி, கொஞ்சம் கழித்து.'

மூலையில் பெருக்கல் குறி இல்லை. வேண்டாம் இல்லை. பதிலே சொல்லாமல் இருந்துவிட்டால்? பிள்ளை காலமெல்லாம் அந்த இருட்டுப் படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். ஐயோ, என்ன காரியம் செய்தேன்! கண்ணில் நீர் முட்டியது. துடைக்க நேரமில்லை. எழுத வேண்டும். ஒரு பட்டன். இத்தனை வருடத்தில் ஆயிரம் பட்டன் எழுதியிருப்பான், ஒவ்வொன்றையும் அமுக்கப்போகிற முட்டாளைத் திட்டிக்கொண்டே. இப்போது எழுத்துக்கு எழுத்து படித்துப் படித்து அடித்தான். வே. ண். டா. ம். சேமி.

வட்டம் சுற்றியது.

"ஏங்க, வெளக்கு ஏன் அணைஞ்சிருக்கு?" ஈரத் தலையில் துண்டோடு முஹய்யோ நடைவழியில் போனாள். "உங்ககிட்ட ஒரு வேலை சொன்னா... பக்கத்துலயே இருங்கன்னு தானே சொன்னேன்?"

"போகாத! முஹய்யோ, தொட்டில்கிட்ட போகாத!"

"கத்தாதீங்க, பாப்பா முழிச்சுக்கும்."

பெட்டியில் மூன்றாவதாக ஒரு பட்டன் மெதுவாகத் தோன்றியது. வெளுத்த சாம்பல் நிறத்தில். வேண்டாம். மவுஸைப் பிடித்தான். அம்புக்குறி திரையைக் கடந்து போனது. விரல் அளவு தூரம். அரிசி அளவு.

மேசையில் போன் அடித்தது. கை பட்டு அது ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கியது.

"தம்பி! பக்கத்தைத் திறந்து வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றது அப்துமாலிக்கின் குரல், உற்சாகமாக. "இப்பத்தான் உன் பெட்டி வந்துச்சு. அமுக்கிட்டேன். பச்சை அருமையா இருக்கு."

திரையில் பெட்டி இல்லை. தொட்டில்கள், விலைகள், இளிப்பு. வைத்தது வைத்தபடி.

"அண்ணே. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"அதை எவன்யா படிப்பான்?"

கீழே, கட்டடத்தின் பெரிய இரும்புக் கதவு திறந்து, மூடியது. அதற்குப் பிறகு படிக்கட்டில் சத்தமே இல்லை. எல்முரோத் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குழந்தையின் அறையில் விளக்கு தானாக எரிந்துகொண்டிருந்தது. முஹய்யோ தொட்டிலின் மேல் குனிந்து, துணியை விலக்கிப் பிடித்திருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உள்ளே குல்லா. அதன் கீழே நெற்றி, புருவம், மூக்கு, மூக்கு நுனியில் வியர்வை. கண்கள் திறந்திருந்தன. முஹய்யோவைப் பார்க்கவில்லை, நேராக அவனைப் பார்த்தன. மூக்குக்குக் கீழே கடைசியாக மிச்சமிருந்த சாம்பல் நிறத்தில் வாய் ஓர் ஓரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்" என்றாள் முஹய்யோ, கண் கலங்க. "மொத மொதல்ல சிரிக்கிறா. உங்களைப் பாத்துத்தான்."